வானம் பார்க்கும் சனிக்கிழமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை–தேனி சாலையில், நாகமலைப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரி மைதானத்தில் 2027 பிப்ரவரி 13, சனிக்கிழமை மாலை 5.30 முதல் இரவு 9.30 வரை பொதுமக்களுக்கான வான்நோக்கு மாலை நடக்கிறது. கோளரங்கக் காட்சியும் டெலஸ்கோப்பில் வானம் பார்ப்பதும் உண்டு. இயற்பியல் துறை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடவே இருந்து விளக்குவார்கள். நேரிலும் போனிலும் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறோம்.

உண்மையிலேயே ஃப்ரீயா? உள்ளே வந்ததும் ஏதாவது விப்பீங்களா?

இலவசம்தான். விற்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. வாசலில் ஒரு நோட்டில் பெயர், ஊர், எத்தனை பேர் என்று எழுதச் சொல்வார்கள். இரவு கேட்டைப் பூட்டும்போது எல்லோரும் கிளம்பிவிட்டார்களா என்று பார்ப்பதற்கு மட்டும்தான் அது.

முன்கூட்டியே பதிவு பண்ணணுமா?

மைதானத்துக்கு வேண்டாம். கோளரங்கத்துக்கு டோக்கன் உண்டு. 5 மணியிலிருந்து வாசலில் கொடுப்போம். ஒரு ஆள் வந்து பத்து டோக்கன் கேட்டால் தரமாட்டோம். யார் உள்ளே போகிறாரோ அவர்தான் வாங்க வேண்டும்.

பௌர்ணமி அன்னைக்கு வச்சா நிலா முழுசா தெரியுமே? ஏன் பாதி நிலா அன்னைக்கு வைக்கிறீங்க?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

பௌர்ணமி நிலாவை வெறும் கண்ணால் பார்க்க அழகு. டெலஸ்கோப்பில் பார்த்தால் ஏமாற்றம். நமக்குத் தெரியும் பக்கத்தில் அன்று சூரியன் நேர் எதிரே நின்று அடிக்கிறது. குழி, மலை எதற்கும் நிழல் விழாது. உச்சி வெயிலில் ரோட்டுப் பள்ளம் கண்ணில் படாமல், சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிகிறது அல்லவா, அதே கதை. வளர்பிறை ஏழு, எட்டாம் நாளில் நிலாவின் நடுவே வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடு ஓடும். அந்தக் கோட்டை ஒட்டிய இடங்களில் அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. மலை உச்சி மட்டும் ஒளிர, அடிவாரம் கறுத்துக் கிடக்கும்.

அன்று நாங்கள் முதலில் காட்டப்போவது தியோஃபிலஸ் என்ற பெருங்குழி. அகலம் சுமார் 100 கிலோமீட்டர், அதாவது மதுரையிலிருந்து கோவில்பட்டி போகிற தூரம். நடுவில் ஒரு மலைக்கூட்டம் நிற்கும். அதன் ஓரத்தை மெதுவாகச் சுற்றிவந்து பாருங்கள். சுவர் படிப்படியாகச் சரிந்திருப்பது தெரியும்.

பௌர்ணமிக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரமெல்லாம் காணாமல் போய்விடும். அமாவாசையில் வைத்தால் நட்சத்திரம் நன்றாக இருக்கும், நிலா இருக்காது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நிலா இல்லாத மாலை பாதி மாலைதான். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே வரும் சனிக்கிழமை.

எப்படி வர்றது?

பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வரும் டவுன் பஸ் சௌகரியம். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, தேனி போகும் பஸ்ஸில் ஏறுபவர்கள் நிறுத்தம் உண்டா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு திரும்பும்போது பஸ் குறைந்துவிடும். கடைசி பஸ்ஸை நம்பி 9.30 வரை நிற்காதீர்கள். பைக், காரில் வருபவர்கள் வாசலை ஒட்டிய இடத்திலேயே நிறுத்த வேண்டும். மைதானத்துக்குள் ஒரு ஹெட்லைட் வந்தால் போதும், அங்கே இருக்கும் அத்தனை பேருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து இருட்டுக்குப் பழக வேண்டியிருக்கும்.

கோளரங்கம்னா மெட்ராஸ்ல இருக்கிற மாதிரி பெரிய கட்டடமா?

இல்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 1988-ல் திறந்த பிர்லா கோளரங்கமும், திருச்சி அண்ணா அறிவியல் மையத்தில் இருப்பதும் நிரந்தரக் கட்டடங்கள். எங்களுடையது காற்றடைத்து நிற்க வைக்கும் கூடாரம். மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் படுத்துவிடும். விட்டம் 5 மீட்டர், உள்ளே தரையில் ஜமுக்காளம், ஒரு காட்சிக்கு 25 பேர். நடுவில் இருக்கும் புரொஜெக்டர் மீன்கண் லென்ஸ் வழியாகக் கூரை முழுக்க வானத்தை வீசும். ஒரு காட்சி 25 நிமிடம், தமிழில்.

கூரையில் செயற்கை வானம் காட்டும் இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த முதல் கருவியை 1923 அக்டோபரில் மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இயக்கிக் காட்டினார்கள். அதற்குள்ளே ஒரு விளக்கும், நட்சத்திரங்களுக்காகத் துளையிட்ட தகடுகளும், கோள்களை நகர்த்தப் பல்சக்கரங்களும் இருந்தன. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது.

உள்ளே போகும் வழி ஒரு துணிக் குகை, குனிந்துதான் போகணும். முழங்கால் வலி உள்ளவர்கள் சொன்னால் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்துவிடுவோம், ஒரு நாற்காலியும் போடுவோம். மூடிய இருட்டில் மூச்சு முட்டுபவர்கள் வாசலை ஒட்டி உட்காருங்கள். வானம் வேகமாகச் சுழலும்போது தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொண்டால் நின்றுவிடும்.

கூடாரத்துக்குள்ளே காட்டுற மாதிரியே வெளியிலும் தெரியுமா?

தெரியாது. அதைக் காட்டத்தான் கூடாரமே.

நகர விளக்குகள் இல்லாத நல்ல இருட்டில், ஒரு நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்க்கலாம். எங்கள் மைதானத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் தெரியும். கிழக்கே மதுரை நகரத்தின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகப் படிந்திருக்கும். மேற்கே உசிலம்பட்டித் திசை கொஞ்சம் இருட்டு. காட்சியின் முதல் பாதியில் இன்றைய மதுரை வானத்தைப் போடுவோம். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தால் என்ன தெரியும் என்று காட்டுவோம். உள்ளே இருக்கும் பாட்டிமார்கள் அந்த இடத்தில் "எங்க ஊர்ல இப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள். பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

தெருவிளக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் விழட்டும், மேலே போக வேண்டாம். விளக்குக்கு மேலே ஒரு தகட்டு மூடி போதும்.

சரி, அன்னைக்கு என்னென்ன பார்க்கலாம்?

இந்த முறை வருகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். நிலாவோடு சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் ஒரே மாலையில் கிடைக்கின்றன.

சூரியன் மறைவது ஏறக்குறைய 6.25-க்கு. இருட்டியதும் முதலில் சனி, மேற்கே. அது சீக்கிரம் இறங்கிவிடும். 8 மணிக்குப் பிறகு வந்து கேட்டால் மரத்துக்குப் பின்னால் போயிருக்கும். சனியைப் பார்க்க வேண்டும் என்றால் 7 மணிக்கே வரிசையில் நில்லுங்கள். 2025-ல் அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி ஒரு கோடாக மெலிந்துபோனது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது, அகலமாக இருக்காது. ஆனாலும் ஒரு குட்டி உருண்டையும் அதைச் சுற்றி ஒரு வளையமும் சந்தேகமில்லாமல் தெரியும். பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது டைட்டன், சனியின் பெரிய நிலா. நீங்கள் பார்க்கும் ஒளி சனியிலிருந்து கிளம்பி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும்.

அடுத்தது கிழக்கே வியாழன். பிப்ரவரி 10-ஐ ஒட்டி சூரியனுக்கு நேர் எதிரே வருவதால் மாலையில் எழுந்து இரவு முழுக்க நிற்கும். தூரம் சுமார் 65 கோடி கிலோமீட்டர். டெலஸ்கோப்பில் இரண்டு பழுப்புப் பட்டைகளும், வரிசையாகச் சில புள்ளிகளும் தெரியும். அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ: 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். சில நேரம் ஒன்று கோளுக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும், அப்போது மூன்றுதான் தெரியும். அயோ 42 மணி நேரச் சொச்சத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவதால், 7.30-க்கு ஒரு தடவை பார்த்துவிட்டு 9 மணிக்கு மறுபடி பார்த்தால் இடம் மாறியிருப்பது தெரியும். பலர் ஒரு தடவை பார்த்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது தடவை நின்றவர்களுக்குத்தான் முழுப் பலன்.

செவ்வாயும் கிழக்கேதான், மக நட்சத்திரத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில். பிப்ரவரி 19 அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. 26 மாதத்துக்கு ஒரு முறை நடப்பது. இந்த முறை சற்றுத் தள்ளியே, சுமார் 10 கோடி கிலோமீட்டரில் இருக்கும். 2035 செப்டம்பரில் 5.7 கோடி வரை வரும், அப்போது பார்க்க வேண்டிய கோள் அது. இப்போதைக்கு ஒரு சின்ன ஆரஞ்சு வட்டம். காற்று அசையாமல் இருந்தால் ஓரத்தில் வட துருவப் பனி வெள்ளையாகத் தட்டுப்படலாம். கிழக்கே நகர வெளிச்சம் இருந்தாலும் இந்த இரண்டு கோள்களுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

வெள்ளி? அது இப்போது விடிவெள்ளி. பார்க்க வேண்டுமானால் உங்கள் மொட்டை மாடியில் விடிகாலை.

இவற்றுக்கு நடுவே தலைக்கு மேல் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம் நிற்கும். அதன் தோளில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. மதுரை அட்சரேகை 9.9 பாகை, திருவாதிரை வானநடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) 7.4 பாகை வடக்கே இருக்கிறது, அதனால் 8.40 வாக்கில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையைத் தாண்டும், அவ்வளவு பெரிசு. 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து 2020 பிப்ரவரியில் மிகவும் மங்கிப்போனதால், வெடிக்கப்போகிறதா என்று உலகமே பார்த்தது. அது கக்கிய தூசு மறைத்திருந்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

சனியை நேருக்கு நேரா பார்க்கலாமா? தோஷம் இல்லையா?

கோயிலில் சனி பகவானுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களில் சிலர் தயங்கித் தயங்கி இதைக் கேட்பார்கள். எங்கள் பெரிய டெலஸ்கோப் கண்ணாடி வைத்தது. குழாயின் அடியில் இருக்கும் கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்ப, மேலே சாய்வாக இருக்கும் இன்னொரு கண்ணாடி அதைப் பக்கவாட்டில் தள்ளும். கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ், குழாயின் விலாவில் இருக்கிறது. ஆகவே நீங்கள் சனிக்கு நேராக நிற்கவே முடியாது, பக்கவாட்டில் நின்றுதான் பார்ப்பீர்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு குறையும் வராது.

போட்டோவில் இருக்கிற மாதிரி கலர் கலரா தெரியுமா?

கோள்களில் கொஞ்சம் நிறம் உண்டு. நெபுலாக்களில், அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகங்களில் கிடையாது. ஓரியன் நெபுலா போட்டோவில் இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் இருக்கும். ஐபீஸில் சாம்பல் நிறப் புகை. மங்கிய ஒளியில் நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் வேலை செய்யாது, கறுப்பு வெள்ளை மட்டும் அறியும் கோல் செல்கள்தான் விழித்திருக்கும். கேமரா பல நிமிடம், சில நேரம் பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து வைக்கிறது. கண் அப்படிச் சேர்க்காது.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப செல்போன்லயே பார்த்துக்கலாமே" என்றார் ஒருவர். தாராளமாக. ஆனால் அந்தச் சாம்பல் புகை 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம். அங்கிருந்து கிளம்பிய ஒளி வழியில் எங்கும் திரையாகாமல், பிக்சலாகாமல் உங்கள் விழித்திரையில் வந்து விழுகிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

வரிசையில நின்னு பார்த்தா எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னா?

சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பின்னால் ஆள் நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் "தெரியுது சார், நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் பலர். முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை. ஐபீஸில் பார்ப்பது பழகினால்தான் வரும். கண்ணை ஒட்டி வைக்காமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, தலையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள்; இருட்டான வட்டத்துக்குள் திடீரென்று வெளிச்சம் விழும். மூச்சை நிதானமாக விடுங்கள். மறு கண்ணை இறுக்கி மூட வேண்டாம், கையால் பொத்திக்கொண்டால் போதும்.

டெலஸ்கோப்பைப் பிடிக்காதீர்கள். யாரும் தொடாமலே ஒரு நிமிடம் போல ஆனதும் கோள் ஓரத்துக்கு ஓடிவிடும், ஏனென்றால் பூமி சுற்றுகிறது. எங்கள் டெலஸ்கோப்பில் மோட்டார் கிடையாது. ஓடிவிட்டால் கூப்பிடுங்கள், பக்கத்தில் நிற்கும் மாணவர் சரிசெய்து தருவார். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் அவருக்கும் அதே நேரம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

கண்ணாடி போட்டிருக்கேன். கழட்டணுமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள், ஃபோகஸைத் திருப்பிச் சரிசெய்யலாம். அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது. கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

எத்தனை வயசுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாம்?

எந்த வயதும். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் ஐபீஸில் பார்க்கத் தெரியாது, நிலாவைக் காட்டித் தூக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஏறி நிற்க ஸ்டூல் இருக்கிறது. வீல்சேரில் வருபவர்களுக்குச் சின்ன டெலஸ்கோப்பைத் தாழ்வாக வைத்திருப்போம்.

எங்க நட்சத்திரத்தைக் காட்டுவீங்களா? என் பொண்ணு ரோகிணி.

காட்டுவோம். இதற்கு மட்டும் லேசர் பாயிண்டரோடு ஒரு ஆசிரியர் தனியாக நிற்பார், அவரைச் சுற்றித்தான் எப்போதும் கூட்டம்.

நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். அதன் பாதையில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் என்று அடையாளம் வைத்ததுதான் 27 நட்சத்திரம். அவை வெறும் ஜாதகக் கட்டத்துப் பெயர்கள் இல்லை, மேலே கண்ணுக்குத் தெரியும் ஒளிப்புள்ளிகள். அன்று 8.30-க்கு மேற்கிலிருந்து கிழக்காக அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம் எல்லாம் மேலே இருக்கும். கார்த்திகை ஆறு ஏழு நட்சத்திரம் சேர்ந்த கொத்து, பைனாகுலரில் பார்த்தால் இன்னும் பல தெரியும். ரோகிணி அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறம். 9 மணிக்கு மேல் பூரம், உத்திரம் தலைகாட்டும். விசாகம், அனுஷம், கேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுடையது மாலை வானத்துக்கு வர ஜூன் ஆகும்.

நம் திருவிழாக்கள் பாதி இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் சுற்றும்போது முழுநிலா பூசத்தை ஒட்டி இருக்கும். சித்திரா பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் அது சித்திரை நட்சத்திரத்தின் பக்கம். மாசி மகம், பங்குனி உத்திரம், திருக்கார்த்திகை எல்லாவற்றுக்கும் இதே விதி. அடுத்த சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நிலாவுக்கு அருகில் வெள்ளை நீலமாக ஒன்று மினுக்கும்.

பூசத்தை டெலஸ்கோப்பிலும் காட்டுவோம். வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் திட்டு. குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் கண் நிறைய நட்சத்திரம்.

ராசி பலன் கேட்டால் மட்டும் எங்களிடம் பதில் இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் இலவசமாகச் சொல்வதில்லை.

அருந்ததி பார்க்கணும். கல்யாணத்துல ஐயர் காட்டினப்ப மேல பந்தல்தான் தெரிஞ்சுச்சு.

பகல் முகூர்த்தத்தில் யாருக்குத்தான் தெரிந்தது! சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. நல்ல கண்ணுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். டெலஸ்கோப்பில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். பிப்ரவரியில் இவர்கள் வடகிழக்கில் எழவே 9 மணி தாண்டும், அடிவானப் புழுதியில் ஒன்றும் தேறாது. ஏப்ரல், மே மாதம் வாருங்கள்.

அகத்தியர் நட்சத்திரமும் துருவ நட்சத்திரமும் தெரியுமா?

அகத்தியர் நன்றாகத் தெரியும். தெற்கே, தாழ்வாக, 9 மணியை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அப்போதும் 27 பாகைதான் உயரம். இரவு நட்சத்திரங்களில் முதலிடம் சிரியசுக்கு, அதற்கு அடுத்த பிரகாசம் இதுதான். டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டியே நகரும், லண்டனில் எழுவதே இல்லை. தெற்கே இருப்பதில் நமக்கு இப்படிச் சில லாபம்.

அதற்கு விலை துருவ நட்சத்திரம். ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ, துருவ நட்சத்திரத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நமக்குப் பத்து பாகை. வடக்கே மலையும் மரமும் புகையும் இருந்தால் முடிந்தது. திசை காட்டுவோம், தெரியும் என்று சத்தியம் செய்ய மாட்டோம்.

சந்திரயான் இறங்கின இடம் தெரியுமா? அமெரிக்காக்காரன் நட்ட கொடி?

இடம் தெரியும், பொருள் தெரியாது. சந்திரயான்-3 இறங்கு கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவப் பக்கம், சுமார் 69 பாகை தெற்கே இறங்கியது. பிப்ரவரி 13 மாலை அந்தப் பகுதியில் வெயில் இருக்கும், ஆகவே எங்கே என்று சுட்டிக் காட்டலாம். ஆனால் 8 அங்குலக் கண்ணாடி வைத்த எங்கள் பெரிய டெலஸ்கோப்பில் நிலாவில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குச் சிறியது எதுவும் பிரிந்து தெரியாது. கொடியெல்லாம் பூமியில் இருக்கும் எந்த டெலஸ்கோப்புக்கும் எட்டாது.

போன்ல படம் எடுக்கலாமா?

நிலாவை எடுக்கலாம், ஐபீஸில் போனை வைத்துப் பிடிக்க மாணவர்கள் உதவுவார்கள். ஃபிளாஷ், டார்ச் இரண்டும் வேண்டாம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலே கலைந்துவிடும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது என்பதால் வாசலில் சிவப்பு ஜிகினாத்தாள் தருவோம், டார்ச் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது ரீல்ஸ் பார்ப்பவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

மேகம் வந்துட்டா?

கோளரங்கம் நடக்கும், டெலஸ்கோப் மூடப்படும். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் வைக்காததற்கு வடகிழக்குப் பருவமழைதான் காரணம். தை கழிந்து மாசி, பங்குனி வரை பொதுவாக வானம் தெளிவு. இருந்தாலும் மேகம் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. அரை மணி நேரம் காத்திருந்தால் பல நேரம் விலகும்.

சாப்பாடு, தண்ணி?

தண்ணீர் உண்டு. சாப்பாடு இல்லை. செருப்புப் போதாது, ஷூ போட்டு வாருங்கள். மலையடிவார மைதானம், இரவில் எது ஊர்கிறது என்று தெரியாது. பனி இறங்கும், குழந்தைகளுக்குக் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

பையன் டெலஸ்கோப் கேட்கிறான். எது வாங்கலாம்?

முதலில் பைனாகுலர். 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருப்பது. வியாழனின் நிலாக்கள், கார்த்திகைக் கொத்து, நிலாவின் பெரிய குழிகள் எல்லாம் அதிலேயே தெரியும். டெலஸ்கோப் வாங்கியே தீர வேண்டும் என்றால், பெட்டியில் '675 மடங்கு' என்று பெரிதாகப் போட்டிருப்பதைத் தொடாதீர்கள். உருப்பெருக்கம் ஐபீஸை மாற்றினால் வருவது. முக்கியம் முகப்பின் அகலம், அதுதான் எவ்வளவு ஒளியைச் சேர்க்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணி 7 மில்லிமீட்டர். எங்கள் 8 அங்குலக் கண்ணாடி அதைப் போல 800 மடங்கு ஒளி பிடிக்கிறது. ஆடும் ஸ்டாண்டில் நிற்கும் நல்ல டெலஸ்கோப்பும் வீண்தான். வாங்கும் முன் அன்று எங்களுடையவற்றில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். வீட்டில் தூங்கும் டெலஸ்கோப் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், சரிசெய்து பழக்கித் தருகிறோம்.

இதை எல்லாம் பெருசா பார்க்க நம்ம பக்கம் வேற எங்கே போகலாம்?

பக்கத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல் நிறுவியது, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான், இன்றும் அதற்கு அவர் பெயரே. தூரம் போகத் தயார் என்றால் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. இரண்டுக்கும் போகும் முன் பொதுமக்கள் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில கிரகணம் எப்ப?

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 2031 மே 21, வளைய சூரிய கிரகணம். தேனி, மதுரை, காரைக்குடி மூன்றுமே அதன் பாதையில் இருக்கின்றன. நண்பகல் தாண்டியதும் சூரியன் ஒரு தீ வளையமாக நிற்கும். 2019 டிசம்பர் 26 அன்று இதே மாதிரி வந்த கிரகணத்தைப் பார்க்கத் திண்டுக்கல் பக்கம் ஓடியவர்கள் இந்த முறை வீட்டு மாடியிலேயே பார்க்கலாம். வெறும் கண்ணால் கூடாது, எக்ஸ்ரே ஃபிலிமும் கூடாது. அதற்கென்று உள்ள சூரியக் கண்ணாடி வேண்டும். அதற்கு முன் செலவில்லாத ஒன்று: ஏப்ரல் நடுவில், 15, 16 தேதிகளை ஒட்டி, பகல் 12.17 வாக்கில் மதுரையில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் இதேபோல ஒரு நாள் உண்டு.

அடுத்த நிகழ்ச்சி எப்ப?

மார்ச்சில் இல்லை, பரீட்சை. ஏப்ரல் 10, சனிக்கிழமை. அப்போது சனி இருக்காது. வியாழனும் செவ்வாயும் இருக்கும், அருந்ததி இருப்பார், 9 மணிக்கு மேல் தென்கிழக்கே தென்சிலுவை தாழ்வாக எழுந்திருக்கும். கோளரங்க டோக்கன் அன்றும் 5 மணிக்கே.